ட்ராகுலா கோட்டையைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ஊர் ஊராகச் சுற்றித் தமிழில் வீடியோ போடும் உங்களில் பலருடைய சேனல்களை நான் விடாமல் பார்க்கிறவள். முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். முழங்கால் இரண்டும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பேத்தி டிவியில் உங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விடுவாள். அப்படித்தான் நான் ஜார்ஜியா பார்த்தேன், வியட்நாம் பார்த்தேன், போன மாதம் ருமேனியாவும் பார்த்தேன்.

ருமேனியா என்றால் எல்லோரும் கட்டாயம் போவது ப்ரான் கோட்டை. ஒரே மாதத்தில் மூன்று பேர் போட்ட மூன்று வீடியோக்களைப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் ஆரம்பத்தில் வௌவால் சத்தம், ரத்தம் வழிகிற மாதிரி எழுத்து, "நிஜ ட்ராகுலா வாழ்ந்த வீடு" என்று தலைப்பு. உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அங்கே வாசலில் விற்கிற பொம்மையும் பனியனும் அதைத்தானே சொல்கின்றன. ஆனால் ஒரு வீடியோவில், மாடி அறை ஒன்றில் சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி தெரிந்தார். "இது யாரோ ராணி போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். அவருடைய மகளை இன்னும் நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் இந்த மடல்.

எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நைட் டியூட்டியில் தூக்கம் வராமல் இருக்க எங்கள் வார்டு சிஸ்டர் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தார். அட்டை போய், முதல் சில பக்கங்களும் போயிருந்தன. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். ருமேனியாவின் இளவரசி இலியானா தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம் அது. இளவரசி எழுதியது என்றுதான் சிஸ்டர் கொடுத்தார். படித்து முடித்தபோது ஒரு நர்ஸ் எழுதியது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தைப் பற்றி எங்கே எது கண்ணில் பட்டாலும் விடுவதில்லை.

முதலில் ட்ராகுலா விஷயத்தை முடித்துவிடலாம். 1897ல் "ட்ராகுலா" என்ற ரத்தக்காட்டேரி நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் ருமேனியாவில் காலே வைத்ததில்லை. கதையில் வரும் கோட்டை ட்ரான்சில்வேனியாவின் வடகிழக்கில் போர்கோ கணவாய்ப் பக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறார். ப்ரான் இருப்பது தெற்கே, ப்ரஷோவ் நகரத்துக்குப் பக்கத்தில். ட்ராகுலா என்ற பெயருக்கு மூலமானவன் என்று சொல்லப்படுகிற, கழுவேற்றும் விளாத் என்று பெயரெடுத்த அரசன் இந்தக் கோட்டையில் குடியிருந்தான் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 1377ல் ஹங்கேரி அரசன் அனுமதி கொடுக்க, ப்ரஷோவில் இருந்த ஜெர்மன் வணிகக் குடிகள் மலைக் கணவாயைக் காவல் காக்கவும் சுங்கம் வாங்கவும் கட்டிய கோட்டை இது. அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் அங்கே நிஜமாக யார் வாழ்ந்தார்கள்?

முதல் உலகப் போர் முடிந்து ட்ரான்சில்வேனியா ருமேனியாவோடு சேர்ந்த பிறகு, 1920 டிசம்பர் 1ஆம் தேதி, ப்ரஷோவ் நகரசபை இந்தக் கோட்டையை ராணி மேரிக்குப் பரிசாகக் கொடுத்தது. நீங்கள் கடந்து போன படத்தில் இருந்தவர் அவர்தான். இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்கு மகன் வழிப் பேத்தி, ரஷ்யாவின் இரண்டாம் அலெக்சாண்டர் சக்கரவர்த்திக்கு மகள் வழிப் பேத்தி. பாழடைந்து கிடந்த கோட்டையைக் காரெல் லீமன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து ஒரு வீடாக மாற்றினார். நீங்கள் வீடியோவில் காட்டுகிற வெள்ளைச் சுவர்கள், குறுகலான படிகள், தாழ்வான வாசல்கள் எல்லாம் அந்த அம்மாவின் கைபட்டவை. அவருக்கு வயதாகி மூட்டுவலி வந்தபோது, பழைய கிணற்றுக் குழிக்குள்ளேயே லிஃப்ட் வைத்துத் தோட்டத்துக்கு இறங்க வழி செய்தார்கள். முழங்கால் வலிக்காரியான எனக்கு அதைப் படித்தபோது எவ்வளவு ஆறுதல்!

அவருடைய கடைசி மகள்தான் இலியானா. 1909 ஜனவரியில் புக்கரெஸ்டில் பிறந்தார். இளவரசி என்றதும் பட்டுமெத்தையில் வளர்ந்த குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு வயதில் முதல் ஓட்டம். 1916ல் ஜெர்மன் படை புக்கரெஸ்டை நெருங்கியபோது, அரசாங்கமும் அரச குடும்பமும் மொல்தாவியாப் பக்கம் யாஷ் நகரத்துக்குப் போக வேண்டி வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வீட்டின் கடைக்குட்டி மிர்ச்சா டைஃபாய்டில் செத்துப் போயிருந்தான். நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தை. அவனைப் புதைத்த ஊரை விட்டுவிட்டு அம்மா கிளம்புகிறார். யாஷில் சாப்பாடு இல்லை, விறகு இல்லை, ஊர் முழுக்க அகதிகள், ஆஸ்பத்திரி முழுக்க டைஃபஸ் காய்ச்சல். பேன் மூலம் பரவுகிற காய்ச்சல் அது. டைஃபாய்டும் டைஃபஸும் ஒன்று என்று பலர் குழப்பிக்கொள்வார்கள், இரண்டும் வேறு. அந்த வார்டுகளுக்குள் ராணி மேரி வெள்ளை உடுப்பும் செஞ்சிலுவைச் சின்னமுமாகத் தினமும் போய்வந்தார். அம்மா போகிற இடங்களுக்கு இலியானாவும் போனார். ஒரு பிள்ளை தன் அம்மாவை நர்ஸாகப் பார்த்து வளர்ந்தால் அது எதை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பது என் மகளைப் பார்த்தே எனக்குத் தெரியும். அவளும் நர்ஸ்தான்.

வளர்ந்த பிறகு இலியானா நாட்டு மக்களுக்கு ரொம்பப் பிடித்த பெண்ணாகிவிட்டார். சாரணியர் இயக்கத்தில் முன்னால் நின்றார், பாய்மரக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதுவே வினையாகிவிட்டது. 1930ல் அண்ணன் கரோல் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து அரசனானார். தங்கைக்குக் கிடைக்கிற கைதட்டல் அவருக்குப் பொறுக்கவில்லை. 1931ல் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஆன்டனுக்கும் இலியானாவுக்கும் சினாயாவில் கல்யாணம் ஆனது. ஆனதும், நீங்கள் இருவரும் ருமேனியாவில் குடியிருக்கக் கூடாது என்று அண்ணனே சொல்லிவிட்டார். ஆக, அவரை முதன்முதலில் நாடு கடத்தியது எதிரியும் இல்லை, புரட்சியும் இல்லை. கூடப்பிறந்தவர்தான். புகுந்த இடமும் பழைய அதிகாரம் போன குடும்பம். ஆஸ்திரியக் குடியரசு 1919லேயே ஹாப்ஸ்பர்க்குகளின் ஆட்சியுரிமையை எடுத்துவிட்டது. வியன்னாவுக்கு வடக்கே சோன்பெர்க் என்ற இடத்தில் குடித்தனம் நடத்தினார்கள். ஸ்டெஃபான், மரியா இலியானா, அலெக்ஸாண்ட்ரா, டொமினிக், மரியா மக்தலேனா, எலிசபெத் என்று பத்து வருடத்தில் ஆறு பிள்ளைகள்.

1938 ஜூலையில் ராணி மேரி இறந்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். உங்கள் வீடியோவுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

தன் உடலை ருமேனிய அரசர்களை அடக்கம் செய்யும் குர்தேயா தே அர்ஜேஷிலும், இதயத்தைத் தனியாக எடுத்துக் கருங்கடல் ஓரம் பால்ச்சிக்கில் தான் கட்டிய சின்னக் கோயிலிலும் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் மேரி. அப்படியே செய்தார்கள். இரண்டே வருடம். 1940ல் பால்ச்சிக் இருக்கிற தெற்கு தோப்ருஜா பகுதி பல்கேரியாவுக்குப் போய்விட்டது. அம்மாவின் இதயம் வேறு நாட்டில் மாட்டிக்கொண்டது. பேழையை எடுத்து ப்ரானுக்குக் கொண்டுவந்தார்கள். கோட்டைக்கு எதிரே, பாறையைக் குடைந்து ஒரு சின்ன அறை செய்து, அதற்குள் பளிங்குப் பெட்டியில் வைத்தார்கள். ப்ரான் கோட்டையை ராணி தன் உயிலில் இலியானாவுக்குத்தான் எழுதி வைத்திருந்தார். ஆக அம்மாவின் வீடும் அம்மாவின் இதயமும் மகளின் பொறுப்பு ஆகிவிட்டது.

அதே 1940ல் அண்ணன் கரோல் பதவி இழந்து ரயிலேறி நாட்டை விட்டே போய்விட்டார். இரண்டாம் உலகப் போரில் ருமேனியா ஹிட்லர் பக்கம் நின்றது. ஆன்டன் ஜெர்மன் விமானப்படையில் பணியாற்றினார். இதையெல்லாம் மறைத்துவிட்டு இலியானாவைப் பற்றிப் பேசினால் நான் நேர்மையானவள் இல்லை. அந்த ஆண்டுகளில் ருமேனிய ஆட்சியின் கீழ் லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பம் நின்ற மேடை அது. அரச குடும்பங்களைக் கொண்டாடுங்கள் என்று உங்களிடம் நான் கேட்கவே மாட்டேன். கரோலின் ஆட்சி அந்த ஜனங்களுக்குச் செய்தது என்ன என்று படித்தால் கோபம்தான் வரும். நான் கேட்பது ஒரு வார்டைப் பற்றி.

அதற்கு வருகிறேன். சோன்பெர்க்கில் இருந்தபோதே, வியன்னாப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பாஷை தெரியாமல் கிடந்த ருமேனியச் சிப்பாய்களைத் தேடிப்போய்ப் பார்த்தார் இலியானா. தன் வீட்டின் ஒரு பகுதியையே அவர்களுக்கு ஆஸ்பத்திரி ஆக்கினார். 1944 ஆரம்பத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ப்ரானுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஏப்ரலில் ப்ரஷோவ் மேல் குண்டு விழுந்தது. ஆகஸ்ட் 23ஆம் தேதி இளம் மன்னர் மிஹாய், அதாவது கரோலின் மகன், சர்வாதிகாரி அன்டொனெஸ்குவைக் கைது செய்து நாட்டை நேசநாடுகள் பக்கம் திருப்பினார். ஒரே ராத்திரியில் எதிரி மாறியது. காயம் பட்டவர்கள் வருவது மட்டும் நிற்கவில்லை.

கோட்டைக்குக் கீழே இலியானா ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். அதற்கு வைத்த பெயர் "ராணியின் இதயம்". பக்கத்துப் பாறைக்குள் அம்மாவின் இதயம் இருக்கிறதல்லவா, அதனால் அந்தப் பெயர். பெயருக்குத் திறந்து வைத்துவிட்டு மாடியில் போய் உட்காரவில்லை. டிரெஸ்ஸிங் செய்தார், அறுவை சிகிச்சையில் டாக்டருக்குக் கை கொடுத்தார், மருந்துக்கும் விறகுக்கும் மாவுக்கும் அலைந்தார். கோட்டையில் ஆறு பிள்ளைகள் வேறு. கடைசிப் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது.

அந்த மாதிரி ஓர் ஆஸ்பத்திரி ஓடுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு ஆசை. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் வார்டில் காஸ் துணியை நாங்களே வெட்டி, ஓரத்து நூல் உள்ளே போகிற மாதிரி மடித்து, இரும்பு டிரம்மில் அடுக்கி, நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். மத்தியானம் ஒரு மணி நேரம் அந்த வேலையே ஓடும். நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சிஸ்டர் பிரித்துத் திரும்ப மடிக்கச் சொல்லுவார். அந்த நூல் புண்ணில் ஒட்டிக்கொண்டால் மறுநாள் பிரிக்கும்போது நோயாளி துடிப்பான். அமைதிக் காலத்தில், கரண்டும் தண்ணீரும் இருந்த ஊரில் எங்களுக்கே இந்தப் பாடு. போர் நடக்கும்போது, மலைக்கிராமத்தில், பனிக்காலத்தில், கால் எடுக்கப்பட்ட பையன்கள் வரிசையாகக் கிடக்கிற வார்டில் ஒவ்வொரு நாளும் டிரெஸ்ஸிங் மாற்றுவது எவ்வளவு வேலை! அந்த வாசனை, அந்த முனகல், விடியற்காலை மூன்று மணிக்கு வருகிற அந்தக் காய்ச்சல், இதெல்லாம் எங்கே போனாலும் ஒன்றுதான். இலியானா எழுதியதைப் படிக்கும்போது பொய் எழுதுகிறாரா என்று ஒரு நர்ஸுக்கு இரண்டே பக்கத்தில் தெரிந்துவிடும். அவர் பொய் எழுதவில்லை.

போர் முடிந்தும் அந்த ஆஸ்பத்திரியை அவர் மூடவில்லை. சோவியத் படை நாட்டில் இருந்தது, கம்யூனிஸ்ட் கட்சி ஒவ்வொரு இலாகாவாகக் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களிடமும் பேசி, பழகி, கேட்டு வாங்கித்தான் ஆஸ்பத்திரியை ஓட்டினார். ஒரு இளவரசி அவர்களோடு ஏன் பேசினாள் என்று குற்றம் சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள், பிறகும் இருந்தார்கள். மருந்து வாங்கப் போகிறவள் மருந்து யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தானே போக முடியும்? என் கட்சி அதுதான்.

1947 டிசம்பர் 30ஆம் தேதி மிஹாய் மன்னரைக் கட்டாயப்படுத்திப் பதவி விலக வைத்தார்கள். நாடு அன்றைக்கே மக்கள் குடியரசு ஆனது. அரச குடும்பம் வெளியேற வேண்டும் என்றார்கள். 1948 ஜனவரியில் இலியானா கணவரோடும் ஆறு பிள்ளைகளோடும் ரயிலேறினார். டொமினிக்குக்குப் பத்து வயது. வீடு, நிலம், ஆஸ்பத்திரி, பாறைக்குள் இருந்த அம்மாவின் இதயம் எல்லாம் அங்கேயே இருந்துவிட்டன. ஒரு சின்னப் பெட்டியில் ருமேனிய மண் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

முதலில் சுவிட்சர்லாந்து, அப்புறம் அர்ஜென்டினா. கையில் காசு இல்லை, கடன் இருந்தது, மூட்டுவாதம் அவரைப் படுத்தி எடுத்தது. 1950ல் வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் வழி தேடி அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். விற்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய பொருள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த கிரீடம். நீலக்கல்லும் வைரமும் பதித்தது. அதை ராத்திரி போட்டுக்கொள்ளும் உடுப்பில் சுருட்டி எடுத்துப் போனார். நம் வீடுகளில் அடகுக்கடைக்கு நகை கொண்டு போகிறவர்கள் பழைய புடவைத் துணியில் சுற்றி, காய்கறிப் பையின் அடியில் வைத்துக்கொண்டு போவார்களே, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. கிரீடம் விற்றது. கடன் அடைந்தது, பிள்ளைகளின் படிப்புக்கு வழி பிறந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரில் ஒரு வீடு அமைந்தது. பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்தும் எழுதியும் குடும்பத்தை நடத்தினார்.

குழந்தையிலேயே போன மிர்ச்சாவைத் தவிர, கூடப்பிறந்தவர்களும் ஒருவர்கூடச் சொந்த மண்ணில் சாகவில்லை. கரோல் போர்ச்சுகலில், கிரேக்க ராணியாக இருந்த எலிசபெத் பிரான்ஸில், யுகோஸ்லாவிய ராணியாக இருந்த மரியா லண்டனில், நிக்கோலாய் ஸ்பெயினில். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு தேசத்தில்.

1954ல் ஆன்டனோடு மணமுறிவு ஆனது. ருமேனிய டாக்டர் ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். அதுவும் நீடிக்கவில்லை. அந்தப் பகுதிக்குள் நான் போகவில்லை. ஆனால் 1959 ஜனவரி 11ஐச் சொல்லாமல் விட முடியாது. அன்று ரியோ டி ஜெனிரோவில் தரையிறங்க வந்த லுஃப்தான்ஸா விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் மூத்த மகள் மரியா இலியானாவும் மருமகனும் இருந்தார்கள். கைக்குழந்தை ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அத்தனை பிள்ளைகளையும் போரிலிருந்தும் ஆட்சி மாற்றத்திலிருந்தும் பத்திரமாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்த ஒரு தாய்க்கு, சமாதானக் காலத்தில் வந்த இடி அது.

இரண்டு வருடம் கழித்து, ஐம்பத்திரண்டு வயதில், பிரான்ஸில் ஓர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் கன்னியர் மடத்தில் போய்ச் சேர்ந்தார். 1967ல் துறவு ஏற்றுக்கொண்டு அன்னை அலெக்ஸாண்ட்ரா ஆனார். அப்புறம் அமெரிக்கா திரும்பி, பென்சில்வேனியாவில் எல்வுட் சிட்டி என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு மடத்தை நிறுவினார். அங்கே வழிபாடு ஆங்கிலத்தில். ருமேனியர், ரஷ்யர், கிரேக்கர் என்று எந்தக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பெண்ணானாலும் வந்து சேர்ந்து, புரிந்து ஜெபிக்கட்டும் என்று அப்படி வைத்தார். சொந்த ஊரை இழந்தவர், யாருக்கும் அந்நியமாக இல்லாத ஓர் இடத்தைக் கட்டியிருக்கிறார். கோட்டையில் ஆஸ்பத்திரி கட்டிய அதே பெண்தான். அந்த மடம் இன்றும் இருக்கிறது.

1989 டிசம்பரில் கம்யூனிஸ்ட் தலைவர் சௌஷெஸ்குவின் ஆட்சி விழுந்தது. 1990ல், எண்பத்தொரு வயதில், கறுப்பு அங்கியோடு ருமேனியாவுக்குப் போய் வந்தார். நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. திரும்பி வந்து சில மாதங்களில், 1991 ஜனவரி 21ஆம் தேதி கண்ணை மூடினார். மடத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த மண் பெட்டியையும் அவரோடு வைத்தார்கள்.

கோட்டை என்ன ஆயிற்று? அரசு எடுத்துக்கொண்டது, 1950களில் அருங்காட்சியகம் ஆனது, எங்கிருந்தோ ட்ராகுலாவும் வந்து குடியேறினார். 2006ல் ருமேனிய அரசு அதை இலியானாவின் பிள்ளைகளுக்குச் சட்டப்படி திருப்பிக் கொடுத்தது. பத்து வயதில் ரயிலேறிப் போன டொமினிக், அறுபத்தெட்டு வயதில் சகோதரிகளோடு சேர்ந்து சாவியை வாங்கினார். அந்தக் குடும்பத்தாரே அதைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். ட்ராகுலா வியாபாரத்தையும் நடத்துகிறார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தின் கூரையைக் காப்பாற்றப் பணம் வேண்டும், புரிகிறது. அது அவர்கள் பாடு.

2021 மே மாதம் நீங்கள் எல்லாம் பார்த்திருப்பீர்கள், உலகம் முழுக்கச் செய்தியில் வந்தது. கொரோனா தடுப்பூசி போட அந்தக் கோட்டையில் முகாம் நடத்தினார்கள். முன்பதிவு வேண்டாம், வந்தால் போதும். டாக்டர்களும் நர்ஸ்களும் உடுப்பில் கோரைப்பல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஊசி போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுபத்தேழு வருடத்துக்கு முன்னால் அதே குன்றின் அடியில் ஒரு பெண் கட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊசி போட்ட அந்தப் பிள்ளைகள் அவருடைய ஆட்கள். ஒரு செய்தி வாசிப்பாளராவது அதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். நான் பார்த்த வரையில் ஒருவரும் சொல்லவில்லை.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ப்ரானுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, நன்றாகப் போங்கள். தலைப்பில் ட்ராகுலா வந்தால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போட மாட்டேன். உள்ளே ஒரு ஐந்து நிமிடம் அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் கொடுங்கள். கிணற்று லிஃப்ட் இருக்கும் இடத்தைக் காட்டும்போது, அது ஒரு மூட்டுவலிக்கார அம்மாவுக்காக வைத்தது என்று சொல்லுங்கள். கோட்டைக்கு வெளியே பாறைக்குள் இருக்கிற அந்தச் சின்ன அறையை யாரும் இதுவரை எனக்குக் காட்டவில்லை. அதைக் காட்டுங்கள். உள்ளே இதயம் இப்போது இல்லை. கம்யூனிஸ்ட் காலத்தில் அதை எடுத்துப் புக்கரெஸ்ட் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 2015 நவம்பரில்தான் அதை சினாயாவில் பெலிஷோர் மாளிகைக்கு, ராணி மேரி உயிர்விட்ட அதே தங்க நிற அறைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். புக்கரெஸ்டிலிருந்து ப்ரஷோவுக்கு நீங்கள் ஏறுகிற ரயில் சினாயா வழியாகத்தான் போகிறது. அரை நாள் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.

உங்களோடு வருகிற வழிகாட்டியிடம் "ஆஸ்பத்திரி எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். வார்டில் நான் பார்த்தது அப்படித்தான், நோயாளியின் சொந்தக்காரர்கள் கேட்கக் கேட்கத்தான் சில வேலைகள் நடக்கும்.

உங்களில் யாராவது அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இருந்தால் எல்வுட் சிட்டிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மடம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். அன்னை அலெக்ஸாண்ட்ராவின் கல்லறைக்குப் பக்கத்தில் கேமராவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எனக்காக ஒரு பூவும் வையுங்கள். என்ன பூவானாலும் சரி.

வீடியோ போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். பேத்தி எல்லோருக்கும் பெல் ஐகானை அமுக்கி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு ஸ்டாஃப் நர்ஸ்